கடனும் கூற்றும்: தீவகத்து மின்திட்டம் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

இராவணன் கலங்கி நின்ற நிலையைக் கடன்பட்டவனின் நெஞ்சக் கலக்கத்தோடு ஒப்பிடும் தொடரொன்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. அதனைக் கம்பன் வாக்கென்றே பலரும் எடுத்தாளுவர். கம்பராமாயணத்தில் அத்தொடர் இல்லை என்று எடுத்துக்காட்டப்பட்ட பின்னரும் அவ்வழக்கு மாறவில்லை. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தபோது அவ்வுவமைக்குப் புதியதொரு பொருத்தம் வாய்த்தது. உவமானம் உவமேயமாகி, இலங்கை வேந்தே கடன்பட்டுக் கலங்கிய காட்சியை நாம் கண்டோம்.

ஆயின், அவ்வுவமை கடன்பட்டவன் நெஞ்சத்தை மட்டுமே காட்டுகிறது. கடன் கொடுத்தவன் நெஞ்சம் எத்தகையது? யார் பெயரைச் சொல்லிக் கடன் பெறப்பட்டதோ அவருடைய நெஞ்சம் எங்கே? இவ்விரு வினாக்களையும் அது எழுப்புவதில்லை. அண்மைக் காலத்தில் நாடுகளின் கடன் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பெற்றவற்றுட் பலவும் இதே குறையை உடையன. கடன் கொடுத்த நாடு, கடன் பெற்ற அரசு என்னும் இரு பாத்திரங்களோடு அவற்றின் நாடகம் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை அக்குறையை ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய முற்படுகிறது. அந்நிகழ்ச்சி நமக்கு அயலில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் பெயரால் நிகழ்ந்தது.

1

ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தரைப்பாதையால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. மேற்கூறிய மூன்று தீவுகளுக்கோ இன்றும் கடலைக் கடந்தே செல்லவேண்டும். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்வது சிறு பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். நாட்டின் பொது மின்வலை கடல் கடந்து இத்தீவுகளை எட்டவில்லை. இலங்கை மின்சார சபை அங்கு டீசல் மின்பிறப்பாக்கிகளை நிறுவி மின்வழங்கி வந்தது. டீசலும் படகேறியே வரவேண்டும். கடல் கொந்தளித்தாலும் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அதன் விளைவை முதலில் உணர்வது தீவின் விளக்கே.

காற்றும் வெயிலும் குறைவில்லாத இடங்களில் அவற்றிலிருந்தே மின்சாரம் பெறலாம் என்பது நெடுநாள் எண்ணம். காற்றாலை, சூரியப் படல்கள், மின்கலத் தொகுதி, காத்திருப்புக்கு ஒரு டீசல் பொறி ஆகியவற்றை ஒன்றிணைக்கும் கலப்பு அமைப்பொன்று எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு முன்னரே அமைக்கப்பட்டது. அதனையே பெரிய அளவில் மூன்று தீவுகளிலும் நிறுவ, அதே வங்கியின் கடனுதவியுடன் சர்வதேசக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 சனவரியில் அமைச்சரவை அவ்வேலையைச் சீனாவின் சினோசோர் – ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. பெறுமதி ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலர்.

இந்தியா உடனே தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. தமிழகக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இடங்களில் சீன நிறுவனம் நிலைகொள்வது தன் பாதுகாப்புக்கு ஏற்றதன்று என்பது அதன் வாதம். அதே வேலையைக் கடனாக அன்றி நன்கொடையாகவே செய்து தருவதாகவும் அது முன்வந்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டதெனக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச் மாதத்தில் இந்திய வெளிவிவகார அமைச்சர் செய்சங்கர் கொழும்புக்கு வந்தபோது இந்திய நன்கொடைக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச் 1ஆந் திகதி பெங்களூரைச் சேர்ந்த நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. நன்கொடை 1 கோடி 10 இலட்சம் டொலர். அமைக்கவிருந்தவை 1,700 கிலோவாற்று சூரிய மின், 530 கிலோவாற்று காற்று மின், 2,400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று காத்திருப்பு டீசல் மின்.

முதல் அமைச்சரவை ஒப்புதலுக்கும் இறுதி ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் 2022ஆம் ஆண்டும் அடங்கும். டொலரின்றி எரிபொருட் கப்பல்கள் துறைமுகத்தில் காத்து நின்றதும், மண்ணெண்ணெய் இன்றி வடக்கின் மீன்பிடிப் படகுகள் கரையேறிக் கிடந்ததும் அவ்வாண்டிலேயே. காற்றையும் வெயிலையும் கொண்டு டீசலைக் குறைக்கவென வகுத்த திட்டம், டீசல் மிக அருமையாயிருந்த அந்த ஆண்டில் கடிதங்களில் மட்டுமே இருந்தது.

2

இந்நிகழ்ச்சியைப் பற்றி வெளிவந்த எழுத்துக்களைத் திறனாய்வாளன் எவ்வாறு வாசிக்க வேண்டும்? பொருளியல் நம் துறையன்று என ஒதுங்குதல் எளிது. ஆயின் அறிவிப்பு, உடன்படிக்கை, ஒப்பந்தம் என்பனவும் எழுத்தின் வகைகளே. யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எதனைச் சொல்லாது விடுகிறார் என்னும் வினாக்கள் செய்யுளுக்கு மட்டும் உரியனவல்ல.

தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் முப்பத்து நான்கு உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகியனவும் அடங்கும். சீனத் தூதரகத்தின் 2021 டிசம்பர் அறிவிப்பை இவ்வுறுப்புக்களைக் கொண்டு நோக்குவோம். மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாக வடக்கின் மூன்று தீவுகளில் மேற்கொள்ளவிருந்த வேலை நிறுத்தப்பட்டது என்றும், அதே நிறுவனம் மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளில் சூரிய மின்னிலையங்கள் அமைக்க நவம்பர் 29இல் ஒப்பந்தம் செய்துள்ளது என்றும் அது கூறியது. கூற்றுக்குரியோர் தூதரகத்தார்; களன் கொழும்பு. கேட்போர் எனப் பெயருக்கு இலங்கை மக்கள் இருப்பினும் உண்மையிற் கேட்கவேண்டியது புதுடில்லி. எச்சமாக நின்றது இந்தியா என்னும் பெயர். அதனைச் சொல்லாமலே உணர்த்தியமை அகப்பாட்டின் தோழி கூற்றுக்கு இணையான நுட்பமே. இரு கிழமைக்குள் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டியுடுத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குச் சென்றதும் அக்கூற்றின் தொடர்ச்சியாகவே கொள்ளப்பட்டது.

‘மூன்றாந் தரப்பு’ என்னும் சொல்லாட்சி ஊன்றி நோக்கற்பாலது. ஒப்பந்தச் சட்டத்தில் மூன்றாந் தரப்பு என்பது ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பது. பொதுவாக உரிமையும் பொறுப்பும் அற்றது. இங்கோ வெளியே நின்ற தரப்பே முடிவைத் தீர்மானித்தது. இதில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. செய்திகள் பல இதனைச் ‘சீனத் திட்டம்’ என்றே எழுதின. சீனக் கடன் என்று கருதியவரும் உளர். உண்மையிற் கடன் கொடுக்கவிருந்தது மணிலாவிலுள்ள ஆசிய அபிவிருத்தி வங்கி. அவ்வங்கியில் மிகுந்த பங்குகளை உடையவை யப்பானும் அமெரிக்காவும். அவற்றை அடுத்துச் சீனா. அதனை அடுத்து இந்தியா. எனவே, தானும் பங்காளியாயுள்ள வங்கியின் பணத்தில், அவ்வங்கியின் விதிப்படி நடந்த கேள்விப்பத்திரத்தின் முடிவையே இந்தியா மறுத்தது. சிக்கல் கடனைப் பற்றியதன்று; கடனைக் கொண்டு வேலை செய்யும் கைகளைப் பற்றியது. சீனக் ‘கடன்பொறி’ என்று எழுதப்படும் கதை இந்நிகழ்ச்சிக்குச் சற்றும் பொருந்தாது.

மூன்று தரப்புக்களையும் எண்ணிவிட்டோம். தீவு மக்கள் எத்தனையாந் தரப்பு? இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் இன்னொரு விதி நினைவுக்கு வருகிறது. அகப்பாட்டில் ஊரார், அயலார், சேரியோர் ஆகியோருக்கு நேர்க் கூற்று இல்லை. அவர் சொன்னதாகப் பிறர் எடுத்து மொழிதலே மரபு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னைய பாட்டுக்கு அது அழகாயிருக்கலாம். நம் காலத்து ஒப்பந்தங்களிலும் அதே விதி ஆட்சி செய்கிறது என்பதே கவலைக்குரியது. தீவு மக்களின் நலன் என்று வங்கி மொழிந்தது; அரசு மொழிந்தது; இரு தூதரகங்களும் மொழிந்தன. நெடுந்தீவாரின் நேர்க் கூற்று எந்த உடன்படிக்கையிலும் கட்சியாக இடம்பெறவில்லை. 1974இல் நெடுந்தீவுக்கு அயலிலுள்ள கச்சதீவைக் குறித்து இரு தலைநகரங்கள் எல்லை வகுத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இரு கரையிலும் வலை வீசியோர் எடுத்து மொழியப்பட்டனரேயன்றி மொழியவில்லை.

3

இனி, கடன், நன்கொடை என்னும் இரு சொற்களையும் ஆராய்தல் வேண்டும். இந்திய உதவியை வரவேற்றோர் முன்வைத்த வலுவான வாதம் ஒன்றுண்டு: கடனாய் வரவிருந்தது நன்கொடையாய் வந்தது, வட்டியும் இல்லை, முதலும் திருப்ப வேண்டியதில்லை, ஆகவே நாட்டுக்கு இலாபமே. கணக்கின்படி இவ்வாதம் சரியானது. அதனை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 2022இல் இலங்கை பட்ட பாட்டில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கடன்வசதியும் பிற உதவியும் தந்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வுதவியின்றி எரிபொருளும் மருந்தும் இன்னும் அரிதாகியிருக்கும்.

ஆயினும் வள்ளுவர் ஈகைக்கு வகுத்த இலக்கணம் கடுமையானது. இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை. ஏனைய யாவும் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் ‘குறியெதிர்ப்பை’யின் தன்மையுடையன என்பது அவர் கருத்து. அயல்வீட்டாரிடம் ஒரு கொத்து அரிசி வாங்கி மறுநாள் அதே கொத்தால் அளந்து திருப்பும் வழக்கத்தை அறிந்தோர்க்கு அச்சொல் விளங்கும். இந்நன்கொடையில் திருப்பி அளக்கப்படுவது டொலர் அன்று. வேறொருவர் அங்கு நில்லாமை. நன்கொடைக்கு வட்டியில்லை, ஆனால் எதிர்ப்பை உண்டு.

நம் தேசவழமையும் இவ்விடத்தில் ஒளி தருகிறது. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற அத்தொகுப்பின்படி, காணியை விற்பவர் பங்காளிகளுக்கும் உரித்துடையோர்க்கும், அக்காணியை ஒற்றியாகக் கொண்ட அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். அவர்கள் வேண்டாவிடின் மட்டுமே பிறர்க்கு விற்கலாம். தீவகத்தில் இந்தியா கோரியது இத்தகைய முற்கொள்வனவு உரிமை போன்றதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேசவழமையின் அயலார் பணம் கொடுத்து ஒற்றி பெற்றிருந்த பின்னரே உரிமை பேசினார். இங்கு உரிமை முன்னே வந்தது, பணம் பின்னே வந்தது.

ஒற்றி என்னும் சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒற்றியில் கடன் கொடுத்தவர் காணியின் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதலைத் திருப்பியதும் காணி மீளும். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக்குச் சீன நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டபோது, அது கடனுக்கு ஈடாகப் பறிக்கப்பட்டது என உலகெங்கும் எழுதினர். ஒற்றியை அறிந்த யாழ்ப்பாணத்தவர் அக்கூற்றிலுள்ள பிழையை எளிதில் உணர்வர். குத்தகைக்குக் கிடைத்த ஏறத்தாழ 112 கோடி டொலர் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி இருப்புக்குச் சென்றது. துறைமுகத்துக்காகப் பெற்ற கடன் அப்படியே இருந்தது. எனவே அது ஒற்றியுமன்று, கடன்தீர்வையுமன்று. வேறு கடன்களைச் சமாளிக்க ஒரு சொத்தைப் பணமாக்கிய செயல். அவ்வேறு கடன்கள் எவை என்பதே உண்மையான வினா.

4

அவ்வினாவுக்கு விடை தேடினால் தீவகத்துச் சர்ச்சையின் அளவு தெளிவாகும். 2021 ஏப்ரல் இறுதியில் வெளிவளத் திணைக்களம் காட்டிய கணக்கின்படி, இலங்கை அரசின் வெளிநாட்டுக் கடனில் 47 வீதம் சர்வதேசச் சந்தையிற் பெற்றது. ஆசிய அபிவிருத்தி வங்கிக்குரியது 13 வீதம், சீனாவுக்கும் யப்பானுக்கும் பத்துப் பத்து வீதம், உலக வங்கிக்கு 9, இந்தியாவுக்கு 2. அரச நிறுவனங்களின் பெயரில் நின்ற கடன்களையும் சேர்த்தால் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகும். அப்போதும் சந்தைக் கடனே முதலிடம் பெறும். 2007இல் 50 கோடி டொலரோடு தொடங்கிய சர்வதேச இறைமைப் பிணைமுறிகள் பதினைந்து ஆண்டுக்குள் நாட்டின் கழுத்தளவுக்கு ஏறின.

இப்பிணைமுறிகளுக்குத் தூதரகமில்லை, கோயிலுக்கு வேட்டியுடுத்து வரும் தூதுவருமில்லை. நியூயோர்க் மாநிலத்துச் சட்டமே அவற்றின் மொழி. 2022 மே மாதத்தில் 7 கோடி 80 இலட்சம் டொலர் வட்டியைச் சலுகைக் காலத்துக்குள் செலுத்த இயலாமற் போனபோது இலங்கை முதன்முறையாகக் கடன் தவறிய நாடாயிற்று. அடுத்த மாதமே கரிபியனிலுள்ள சென் கிற்சு – நெவிசைச் சேர்ந்த அமில்ற்றன் றிசேர்வ் வங்கி நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 2022 யூலையில் முதிர்வதான 100 கோடி டொலர்ப் பிணைமுறியில் 25 கோடிக்கு மேற்பட்ட பங்கை அது வாங்கி வைத்திருந்தது. கால்வாசிக்கு மேல் ஒருவர் கையிலிருந்தால், ஏனையோர் விட்டுக்கொடுத்தாலும் அத்தொடரில் அவ்விணக்கத்தை அவர் தடுக்கலாம். அதுவே அக்கொள்வனவின் நுட்பம்.

முற்காலத்தில் கடன் கொடுத்தோர் கப்பலை அனுப்பினர். 1882இல் எகிப்தை ஆங்கிலேயர் கைக்கொண்டமைக்குப் பின்னணியில் கடன் இருந்தது. 1902இல் பிரித்தானியாவும் செருமனியும் இத்தாலியும் வெனிசுவேலாவின் துறைமுகங்களை மறித்தன. நம் காலத்தில் நீதிமன்றத் தீர்ப்பே கப்பலைப் பிடிக்கிறது. 2012இல் ஆர்யெந்தீனாவின் கடற்படைப் பாய்க்கப்பல் கானா நாட்டில் ஒரு முதலீட்டு நிதியத்தின் வழக்கால் தடுத்து வைக்கப்பட்டு, சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணையின் பின்னரே மீண்டது.

இலங்கையோடு பேச வந்த கடன்கொடுத்தோரும் ஒரே அவையில் அமரவில்லை. இந்தியாவும் யப்பானும் பிரான்சும் தலைமை தாங்கிய குழுவில் சீனா சேராது தனித்துப் பேசியது. 2024 யூன் 26இல் அக்குழுவோடு 580 கோடி டொலருக்கும், சீன எக்சிம் வங்கியோடு 420 கோடி டொலருக்கும் உடன்பாடுகள் எட்டப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் ஏறத்தாழ 1,250 கோடி டொலர்ப் பிணைமுறிகள் மாற்றி எழுதப்பட்டன. தீவகத்தில் 1 கோடி 10 இலட்சம் டொலருக்காக மோதிய இரு அரசுகளும் பெருங்கணக்கிலும் ஒன்றையொன்று ஐயுற்றே நின்றன. அவ்வையம் தெளியும் வரை காத்திருந்தவர் கடன்பட்ட நாட்டார்.

இனி, இப்பெருங்கணக்கு தீவுக்கு வந்து சேர்ந்த வழியைக் காண்போம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மின்சாரத்தை அதன் உற்பத்திச் செலவுக்கேற்ற விலைக்கு விற்றல் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 2022 ஓகத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தன. நெடுந்தீவின் வீட்டுக்காரர் நியூயோர்க் பிணைமுறியைக் கண்டதில்லை, மின்பட்டியலைக் கண்டார். கடனின் கூற்று அவருக்கு எட்டியது அந்த ஒரு தாளிலேயே. அதற்கு மறுமொழி கூறும் இடம் அத்தாளில் இல்லை.

5

தமிழிற் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என்போர்க்கு உரியவற்றை வகுக்கும் பொன்முடியாரின் புறப்பாட்டிற் கடன் என்பது கடமையே. வாங்கிய பொருளைத் திருப்பவேண்டும் என்னும் வழக்கு அக்கடமையின் ஒரு கிளை. இன்றைய உலகக் கடன்முறை கிளையைப் பற்றிக்கொண்டு வேரை மறந்தது. கடன் பெற்ற அரசு கடன் கொடுத்தோர்க்குக் கடமைப்பட்டது என்பதற்கு ஆயிரம் பக்க ஒப்பந்தங்கள் உள்ளன. கடன் கொடுத்தோரும் பெற்றோரும் யார் பெயராற் பேசினரோ அவர்க்குக் கடமைப்பட்டோர் என்பதற்கு ஒரு பக்கமேனும் உண்டா?

ஆகவே சீனாவா இந்தியாவா, கடனா நன்கொடையா என்னும் வினாக்களோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. எப்பக்கம் சாய்ந்தாலும் அவ்வினாக்கள் கொடுப்போரின் இடத்திலிருந்தே கேட்கப்படுபவை. தீவின் இடத்திலிருந்து கேட்கப்படும் வினாக்கள் வேறு. ஒப்பந்தத்தின் முழு வாசகமும் தமிழில் மக்கள் முன் வைக்கப்படுமா? காற்றாலைக்கும் சூரியப் படலுக்கும் எடுக்கப்படும் நிலம் எவருடைய மேய்ச்சல் தரை, எவருடைய பனங்காணி? மின்கலத்துக்கு ஆயுள் உண்டு. நன்கொடை முடிந்தபின் அதனை மாற்றும் செலவு யாருடையது? பழுது பார்க்கத் தீவின் இளைஞர் பயிற்றப்படுவரா, அன்றி ஒவ்வொரு பழுதுக்கும் குறிகட்டுவானில் ஒருவரை எதிர்பார்த்து நிற்பதா? டீசல் குறைந்தால் மீதமாகும் பணத்தில் தீவுக்கு உரிய பங்கு என்ன? இவற்றுக்கு விடையளிப்பதே கடன் என்னும் சொல்லின் முதற்பொருளை நிறைவேற்றுதல் ஆகும்.

தீவகத்து மாணவர் பலர் நம் பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். பொறியியலும் சட்டமும் பொருளியலும் தமிழும் பயிலும் அவர்கள், தம் ஊரைப் பற்றிப் பிறர் எழுதிய உடன்படிக்கைகளைப் பாடநூல்களைப் போலக் கூர்ந்து வாசித்தல் வேண்டும். அகப்பாட்டின் ஊராருக்குக் கூற்று இன்மை புலனெறி வழக்கின் விதி. ஒப்பந்தத்தின் ஊராருக்குக் கூற்று இன்மைக்கு அத்தகைய விதி எதுவுமில்லை. கேட்பார் இன்மையாலும் கேளாமையாலும் நிலைபெற்ற வழக்கம் அது. வழக்கத்தை மாற்றலாம்.